இரண்டு மாதப் பனியில் ஒரு தேசிய அணி

அகமதாபாத் 2030 காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்தப்போகிறது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியாவுக்குக் கொண்டுவர மத்திய அரசு முயன்றுவருகிறது. புதிய அரங்குகள், வீரர் குடியிருப்புகள், சாலைகள் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. இந்த நேரத்தில், உறைந்த குளங்களில் ஆடிப் பழகி ஆசியப் பதக்கத்தோடு திரும்பிய ஒரு மகளிர் அணிக்கு ஆண்டில் பத்து மாதம் சொந்த மண்ணில் ஆட இடமே இல்லை என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

2025 ஜூன் மாதம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது. ஆசியக் கோப்பையில் இந்த அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அணியின் தலைவி செவாங் சுஸ்கித். அணியில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் லடாக்கைச் சேர்ந்த பெண்கள். ஒருசிலர் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பகுதியிலிருந்து வந்தவர்கள். செய்தி நாளிதழ்களின் உள்பக்கங்களில் ஒரு பத்தியாக வந்து போனது.

இந்த அணி இதுவரை சென்று ஆடிய இடங்களை வரிசையாகப் பார்த்தாலே பிரச்சினையின் வேர் தெரிந்துவிடும். 2016இல் தைபே. 2017இல் பாங்காக். 2018இல் கோலாலம்பூர். 2019இல் அபுதாபி. பிறகு அல் ஐன். எல்லாம் வெயில் ஊர்கள். தெருவில் ஒருநாளும் பனி விழாத நகரங்கள் பன்னிரண்டு மாதமும் பனித்தளம் வைத்திருக்கின்றன. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் லடாக்கிலிருந்து நம் பெண்கள் அங்கே விருந்தாளிகளாகப் போய் ஆடிவிட்டு வருகிறார்கள். ஐஸ் ஹாக்கியில் ஓர் அணியை உருவாக்குவது குளிர் அல்ல, தளம். மலேசியாவும் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் புரிந்துகொண்ட இந்த உண்மை நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

பருவம் எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டில் பலர் இந்த ஆட்டத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக, ‘பக்’ என்னும் கெட்டியான ரப்பர் வட்டு. காலில் கத்திபோல் கூர்மையான இரும்புத் தகடு பொருத்திய ஸ்கேட்டிங் காலணி. ஆட்டத்தின் வேகத்துக்கு யாராலும் தொடர்ந்து ஈடுகொடுக்க முடியாது. முக்கால் நிமிடம் முழுமூச்சாக ஆடிவிட்டு ஒருவர் வெளியே வர, இன்னொருவர் உள்ளே பாய்வார்.

நடப்பதுபோல் சறுக்க வந்தால்தான் இந்த ஆட்டம் ஆட வரும். முன்னால் போவது, பின்னால் போவது, திடீரென்று நிற்பது, ஒரே காலில் திரும்புவது என அத்தனையும் யோசிக்காமல் நடக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது; தளத்தில் செலவிட்ட நேரம் மட்டுமே கைகொடுக்கும். ஓட்டமும் உடற்பயிற்சியும் சக்கரக் காலணியும் ஓரளவு உதவும். ஆனால் பனிக்கட்டியின் மேல் தகடு கீறிக்கொண்டு நிற்பதைப் பனிக்கட்டியில்தான் பழக முடியும்.

லடாக்கில், லேயிலும் கார்கிலிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் டிசம்பர் பிற்பாதியில் குளங்கள் உறையத் தொடங்கும். பிப்ரவரி தொடக்கத்தில் உருகத் தொடங்கும். இயற்கை தரும் பருவம் அவ்வளவுதான். அதுவும் தானாகக் கைக்கு வந்துவிடாது. ஆடத் தகுந்த தளம் வேண்டுமென்றால், இரவு நேரத்தில் தண்ணீரைப் பாய்ச்சி, ஓர் அடுக்கு உறைந்த பிறகு அடுத்த அடுக்கு என்று பொறுமையாக ஏற்ற வேண்டும். விரிசல்களை அடைக்க வேண்டும். பனி பெய்தால் வாரித் தள்ள வேண்டும். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் உறைகிற குளிரில் கையாலேயே இந்த வேலையைச் செய்து பழகியவர்கள்.

லடாக் வெயிலின் தன்மை வேறு. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், குளிர் நடுக்கினாலும் நண்பகல் சூரியன் சுடும். திறந்தவெளித் தளத்தின் மேற்பரப்பு அந்த நேரத்தில் இளகிவிடும். ஆக, நல்ல பனி கிடைப்பது அதிகாலையிலும் மாலைக்குப் பிறகும்தான். அந்தச் சில மணி நேரத்துக்காக ஆண்கள் அணிகள், பெண்கள் அணிகள், பள்ளிப் பிள்ளைகள், ராணுவத்தினர், சுற்றுலாப் பயணிகள் என எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான் போட்டிகளும் வருகின்றன. மலை மேம்பாட்டு மன்றத் தலைவர் பெயரில் ஒரு கோப்பை, துணைநிலை ஆளுநர் பெயரில் ஒரு கோப்பை, தேசிய சாம்பியன்ஷிப், கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், இவற்றோடு புதிதாக வந்த லீக். எல்லாமே அந்தச் சில வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு பெண் டிசம்பர் கடைசியில் காலணியை மாட்டுகிறாள். உடம்பு தளத்துக்குப் பழகுவதற்குள் போட்டி. அது முடிந்த நாலைந்து நாளில் இன்னொரு போட்டி. கற்றுக்கொள்ள வேண்டிய காலமும் மோத வேண்டிய காலமும் ஒன்றாகிவிடுகின்றன. செய்த தவறைத் திருத்திக்கொள்ள அவளுக்குக் கிடைப்பது அடுத்த ஆண்டுதான். அடிபட்டுவிட்டால் அந்த ஆண்டே போய்விட்டது.

பருவநிலை மாற்றம் இதை இன்னும் நெருக்குகிறது. லடாக்கின் ஆண்டு மழையளவு சுமார் 100 மில்லிமீட்டர்தான்; பனியாற்று நீரை நம்பி வாழும் நிலம் அது. குளிர்காலம் தாமதமாக வருவதையும் சீக்கிரம் விலகுவதையும் உழவர்கள்போலவே ஆட்டக்காரர்களும் கண்கூடாகப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் குறைந்தால் மற்ற விளையாட்டுகளில் அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மாதமே உள்ள ஆட்டத்தில் ஒரு வாரம் என்பது எட்டில் ஒரு பங்கு.

மிச்ச நேரத்தில் வளர்ந்தவர்கள்

லடாக்கில் ஐஸ் ஹாக்கி வேரூன்ற ராணுவம் ஒரு முக்கியக் காரணம். லேயின் கர்சூ குளத்தில் ராணுவத்தினரும் உள்ளூர் இளைஞர்களும் ஆடத் தொடங்கி, அது குளிர்காலத்தின் முதன்மையான பொழுதுபோக்காக வளர்ந்தது. ஆட்டம் பார்க்க ஊரே திரளும். பெண்களும் பார்வையாளர்களாக வந்தார்கள். மட்டையோடு தளத்தில் இறங்கியபோதுதான் எதிர்ப்பு வந்தது.

தொடக்க காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஆண்கள் ஆட்டங்களுக்கு நடுவே ஒரு காட்சி ஆட்டம். காலணி, மட்டை, தலைக்கவசம் எல்லாம் இரவல். ஆண்களின் அளவில் தைத்த கவசங்களைக் கட்டி இறுக்கிக்கொண்டு ஆடினார்கள். பயிற்சிக்கு ஆண்கள் முடித்துவிட்டுப் போன பிறகு, கீறிக் குதறிய தளம் மிஞ்சும். செக்மோல் என்ற கல்வி இயக்கம் தன் வளாகத்தில் பெண் பிள்ளைகளை ஆடவைத்ததும், அவர்களுக்குப் போட்டிகள் நடக்க வழிசெய்ததும் இந்த வரலாற்றில் மறக்கக் கூடாதவை.

2016இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி. எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. தரமான உள்ளரங்குத் தளம் அணியில் பலருக்கு அன்றுவரை அறிமுகமே இல்லை; குளத்துப் பனியும் உள்ளரங்குப் பனியும் காலுக்குக் கீழே ஒன்றுபோல் இருப்பதில்லை. அடுத்த ஆண்டு பாங்காக் போகப் பணமில்லாமல், பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்டினார்கள். அங்கே பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். இந்திய மகளிர் அணியின் முதல் சர்வதேச வெற்றி அது. நாட்டின் சின்னத்தை மார்பில் தாங்கிப் போகும் பெண்கள் பயணச்சீட்டுக்குக் கையேந்தினார்கள் என்பதை நினைக்கும்போது அந்த வெற்றியின் மகிழ்ச்சியோடு கோபமும் வருகிறது.

இந்தப் போராட்டத்திலிருந்துதான் லடாக் மகளிர் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளை பிறந்தது. ஆடிய பெண்களே தொடங்கி, கிராமம் கிராமமாகச் சென்று சிறுமிகளுக்குச் சறுக்கக் கற்றுத்தருகிறார்கள். கோல்கீப்பராக ஆடிய நூர் ஜஹான் தொழிலால் பழைய சுவரோவியங்களைப் பாதுகாக்கும் வல்லுநர். கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹேலி விக்கன்ஹைசர் இந்தப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு 2018 ஜனவரியில் லடாக்குக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் லடாக் பெண்கள் அவருடைய போட்டியில் ஆடக் கனடாவின் கால்கரிக்குச் சென்றார்கள். உலகின் ஆகச் சிறந்த ஆட்டக்காரரின் கண்ணில் பட்டவர்கள் நம் விளையாட்டு நிர்வாகத்தின் கண்ணில் படப் பல ஆண்டுகள் பிடித்தன.

சென்னை நிறுவனத்தின் லீக்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்து வளர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம்தான் இன்று லடாக்கின் ஐஸ் ஹாக்கி லீக்கின் பின்னால் நிற்கிறது. அதன் மோட்டார்சைக்கிள்கள் லடாக் மலைப்பாதைகளில் ஓடிப் பெயர் பெற்றவை. அந்த மண்ணுக்குத் திருப்பிச் செய்யும் கடமையாக ஆட்டத்தை வளர்க்க முன்வந்தது நல்ல காரியம். 2024 ஜனவரியில் லேயின் என்.டி.எஸ். விளையாட்டரங்கில் தொடங்கிய லீக்கில் ஆண்களுக்குப் பத்து அணிகள், பெண்களுக்கு ஐந்து அணிகள். 2042 குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதி பெற வேண்டும் என்ற இலக்கோடு லடாக் நிர்வாகத்துடன் சேர்ந்து நீண்டகாலத் திட்டம் ஒன்றையும் வகுத்திருக்கிறார்கள்.

லீக் வந்ததால் என்ன மாறியது? முதலில், ஒரு பெண் ‘லேயின் அணி’ என்ற ஒற்றைக் கதவுக்கு வெளியே காத்திருக்க வேண்டியதில்லை. சாங்தாங், கார்கில், ஷாம் என்று பல பகுதிகளின் பெண்கள் ஆட இடம் கிடைத்தது. ஒரே போட்டியில் பல ஆட்டங்கள் உறுதியாகக் கிடைக்கின்றன. ஒரு தோல்வியோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. நடுவர், பயிற்சியாளர், உடல்நலப் பயிற்றுநர் என்று ஆட்டத்தைச் சுற்றி வேலைகள் உருவாகின்றன. தன் பகுதியின் பெயரைத் தாங்கிய சட்டையோடு ஒரு பெண் ஆடுவதைப் பார்க்கும் சிறுமி, மறுநாள் தன் வீட்டருகே உறைந்த வாய்க்காலில் சறுக்கிப் பார்ப்பாள். எந்த விளையாட்டும் இப்படித்தான் பரவுகிறது.

ஆனால், பத்துக்கு ஐந்து என்ற கணக்கு நெருடுகிறது. ஆசியப் பதக்கம் கொண்டுவந்தது பெண்கள் அணி. ‘ஆட வரும் பெண்கள் குறைவு, அதனால்தான் அணிகள் குறைவு’ என்று சொல்லப்படலாம். அணி இருந்தால்தானே ஆட வருவார்கள்? ஐந்து அணிகளுக்குள் அடங்காத ஒரு பதினைந்து வயதுப் பெண், பெரியவர்களின் கூடுதல் ஆளாகப் பலகையோரம் உட்கார்ந்தே ஒரு பருவத்தைக் கழிக்க நேரிடும். அவளுடைய வயதில் ஒரு பருவம் வீணாவது சிறிய இழப்பு அல்ல.

2042 இலக்கைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். அப்போது 24 வயதில் இந்தியாவுக்காக ஆட வேண்டிய பெண் 2018இல் பிறந்திருப்பாள். ஏதோ ஒரு லடாக் கிராமத்தில் இன்று அவள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறாள். கனடாவிலும் பின்லாந்திலும் ஜப்பானிலும் அவள் வயதுப் பிள்ளைகள் வாரத்துக்குப் பலமுறை தளத்தில் இறங்குகிறார்கள். இவளுக்குக் குளம் உறைய வேண்டும், தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும், அவள் காலுக்கு ஏற்ற காலணி யாரிடமாவது இருக்க வேண்டும். இந்தியா இதுவரை மகளிர் உலக சாம்பியன்ஷிப்பில் ஒருமுறைகூட ஆடியதில்லை. 2042ஐ நோக்கிய வேலை இன்றே, அவள் காலடியில் தொடங்கியாக வேண்டும்.

டேராடூன் சொல்லும் பாடம்

‘அப்படியென்றால் ஒரு பெரிய உள்ளரங்கம் கட்டிவிடுவோம்’ என்று யாராவது உற்சாகமாக அறிவித்தால் அதையும் எச்சரிக்கையோடுதான் வரவேற்க வேண்டும். ஏற்கெனவே ஒன்று கட்டினோம். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் ஹிமாத்ரி பனித்தளம் சர்வதேசத் தரத்தில் அமைக்கப்பட்டது. போட்டி முடிந்தது, தளமும் விரைவில் மூடப்பட்டது. இயந்திரங்களை ஓட்ட ஆகும் மின்கட்டணத்தையும் பராமரிப்புச் செலவையும் தொடர்ந்து ஏற்க யாரும் முன்வரவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் லடாக் பெண்கள் தைபேயிலும் பாங்காக்கிலும் ஆடினார்கள். நாட்டுக்குள் முழு அளவுத் தளம் ஒன்று பூட்டிக் கிடக்க, குருகிராமில் வணிக வளாகம் ஒன்றுக்குள் இருந்த சிறிய தளத்தில் முகாம் போட்டார்கள். பத்து வயதில் ஆட வந்த ஒரு சிறுமி இருபத்தைந்து வயதை நெருங்கும் அளவுக்கு அந்தப் பூட்டு நீடித்தது. அவள் தலைமுறையின் சிறந்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது.

2025இல் அந்தத் தளம் சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் அங்கே ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டியும் நடந்தது. மகிழ்ச்சி. இனி அது மூடப்படாமல் இருக்க வேண்டும். கட்டுவது ஒருமுறைச் செலவு. திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் அதற்கு உண்டு. ஓட்டுவது மாதாமாதம் வரும் செலவு. அதற்கு எந்த விழாவும் கிடையாது. நம் விளையாட்டுக் கட்டமைப்புகள் பல இந்த இரண்டாவது செலவில்தான் விழுந்துபோகின்றன. வரவர நீச்சல்குளங்களும் தடகளப் பாதைகளும் பாழாகும் காட்சியைத் தமிழ்நாட்டு வாசகர்களும் தங்கள் மாவட்டத் தலைநகர்களில் பார்த்திருப்பார்கள்.

லேயின் என்.டி.எஸ். அரங்கில் குளிரூட்டும் ஏற்பாடு கொண்ட தளம் வந்திருப்பது பெரிய முன்னேற்றம். பருவத்தின் தொடக்கத்தையும் முடிவையும் இயற்கையின் தயவிலிருந்து ஓரளவு அது விடுவிக்கிறது. ஆனால், கூரையும் சுவரும் இல்லாத தளத்தைக் கோடை வெயிலில் ஓட்ட முடியாது. ஆண்டு முழுவதும் ஆட வேண்டுமென்றால் மூடிய அரங்கம்தான் வழி.

படிப்பு, வேலை, காலணி

இந்தப் பெண்களில் பலர் கல்லூரிப் படிப்புக்காக ஜம்மு, சண்டிகர், டெல்லி என்று வெளியூர் போகிறார்கள். லடாக் பள்ளிகளுக்கு நீண்ட குளிர்கால விடுமுறை உண்டு. சமவெளிக் கல்லூரிகளுக்கு அப்படி இல்லை. ஜனவரியில் தேர்வோ வகுப்போ இருந்தால் ஒரு பருவம் போயிற்று. வருகைப்பதிவு குறைந்தால் கல்லூரி கேட்கும். ஆட வரவில்லை என்றால் தேர்வாளர்கள் கேட்பார்கள். பள்ளியில் நன்றாக ஆடிய பெண்கள் கல்லூரி வயதில் காணாமல் போவதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

இந்தோ திபெத் எல்லைக் காவல் படை மகளிர் ஐஸ் ஹாக்கி அணி வைத்திருக்கிறது. சம்பளம், காப்பீடு, பயிற்சி நேரம் எல்லாம் கிடைப்பதால் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போகிறார்கள். தேசிய அளவில் வலுவான அணியும் அதுவே. ஆட்டத்தை நம்பிக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தப் படை அணி ஒரு சான்று. ஆனால் சீருடை அணிய விரும்பாத, அல்லது உடல்தகுதி அளவுகோலில் ஓர் அங்குலம் குறைந்துபோன பெண்ணுக்கு வேறு வாசல் எங்கே?

அடுத்தது காலணியும் கவசமும். கிரிக்கெட் மட்டைபோல் தெருமுனைக் கடையில் வாங்கக்கூடிய பொருட்கள் அல்ல இவை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தலைக்கவசம், தோள்கவசம், கால்கவசம், கையுறை, காலணி, மட்டை என்று ஒரு தொகுப்பு. கோல்கீப்பருக்கு அதைவிடக் கனமான, விலை கூடிய தனித் தொகுப்பு. வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காலணி மாற்ற வேண்டும். ஆடு மேய்க்கும் சாங்தாங் குடும்பமோ, கோதுமையும் பார்லியும் விளைவிக்கும் ஷாம் குடும்பமோ இதை எப்படி வாங்கும்? மகனுக்கா மகளுக்கா என்ற கேள்வி வந்தால் பல வீடுகளில் பதில் என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

மிகப் பெரிய தேவை லேயில் கூரையிட்ட, ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு தளம். அதைக் கட்டும்போதே குறைந்தது பத்து ஆண்டுகளுக்கான மின்செலவையும் பராமரிப்பையும் யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். லடாக்கின் பாங் பகுதியில் 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டத்துக்கான மின்வழித்தடம் அமைக்க 20,000 கோடி ரூபாய்க்கும் மேலான திட்டத்துக்கு 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. லடாக் வெயிலிலிருந்து சமவெளிக்கு மின்சாரம் கொண்டுபோக முடியும் என்றால், அதே வெயிலில் லேயின் ஒரு தளத்தைக் குளிரவைக்கவும் முடியும். தண்ணீர் அரிதான ஊர் என்பதால், உருகும் நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடும் வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும்.

அது கட்டி முடியும்வரை டேராடூன் தளம் கைகொடுக்கலாம். கோடையில் மகளிர் தேசிய அணிக்கும், அதற்கு அடுத்த வரிசையில் நிற்கும் இளம் பெண்களுக்கும் அங்கே நீண்ட முகாம்கள் நடக்க வேண்டும். தங்குமிடம், பயணம், உணவு அனைத்தும் அரசுச் செலவு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது 3,794 கோடி ரூபாய். அதில் கேலோ இந்தியா திட்டத்துக்கு மட்டும் 1,000 கோடி. ஒரு தளத்தின் மின்கட்டணமும் சில முகாம்களின் செலவும் இந்தத் தொகைக்கு முன் பெரிதல்ல.

பணமே தேவைப்படாத ஒரு சீர்திருத்தமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அரசுப் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு பனித்தளத்திலும் யாருக்கு எந்த நேரம் என்ற அட்டவணையைப் பருவத்துக்கு முன்பே பொதுவில் ஒட்ட வேண்டும். நல்ல பனி கிடைக்கும் நேரத்தில் சரிபாதி பெண்களுக்கு. ஆண்கள் போட்டி நீண்டுவிட்டது என்பதற்காகப் பெண்களின் நேரம் வெட்டப்பட்டால், மறுநாளே அது திருப்பித் தரப்பட வேண்டும். நேரம் எழுத்தில் இல்லாத இடத்தில் எப்போதும் விட்டுக்கொடுப்பவர்கள் பெண்களாகவே இருக்கிறார்கள்.

லீக் நடத்துபவர்கள் பெண்கள் அணிகளைப் படிப்படியாக ஆண்களுக்கு இணையாக உயர்த்த வேண்டும். எந்த ஆண்டுக்குள் என்பதையும் அறிவிக்க வேண்டும். பெரியவர்களின் லீக்கோடு பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கு ஒரு பிரிவு சேர்ந்தால் அது இன்னும் பெரிய பலன் தரும். ஆட்டங்களை லேயிலேயே குவிக்காமல் கார்கிலுக்கும் சாங்தாங்குக்கும் சிலவற்றைக் கொண்டுபோகலாம். கிராமத்துத் தாய்மார்கள் தங்கள் கண்ணால் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டால், மகளை அனுப்பச் சம்மதம் வாங்குவது எளிது. ஒவ்வொரு வட்டாரத்திலும் காலணியையும் கவசங்களையும் இரவல் கொடுக்கும் நிலையம் ஒன்று தேவை. அளவு மாறும்போது பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். அறக்கட்டளைப் பெண்களிடமே அதன் பொறுப்பை ஒப்படைத்தால் ஒழுங்காக நடக்கும்.

போட்டி அட்டவணையை அமைப்பவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கோப்பைகள் பல இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரே பெண் மூன்று வாரத்தில் மூன்று போட்டி ஆடி முழங்காலை இழப்பது யாருக்கும் நல்லதல்ல. பல்கலைக்கழகங்களும் தேசிய அளவில் ஆடும் பெண்களுக்கு ஜனவரியில் வருகைப்பதிவு விலக்கும் மறுதேர்வு வாய்ப்பும் தர வேண்டும். 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இடம் தரச் சொல்கிறது. ஐஸ் ஹாக்கியில் அந்த இடங்கள் பனியில் ஆடி வளர்ந்த பெண்களுக்குப் போக வேண்டும். பெயருக்கு ஓர் உறவினரை உட்காரவைப்பது கூடாது.

இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். லடாக்குக்குச் சட்டமன்றம் கிடையாது, மாநிலங்களவையில் இடமில்லை, மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். இந்த லீக்கை நடத்தும் நிறுவனம் சென்னையுடையது. தமிழ்நாட்டின் ஐஸ் ஸ்கேட்டிங் வீரர்களும் லேயின் பனியில் ஆடிப் பதக்கத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். அடுத்த நிதிநிலைக் கூட்டத்தொடரில், லேயில் கூரையிட்ட தளம் எப்போது வரும், டேராடூன் தளத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்ற இரண்டு கேள்விகளை நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும்.